கூலி கேட்காத கல்

நாற்பத்தாறு மணி நேரத்தில் ஸக்கியாவின் வீட்டுச் சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் கல் வைத்ததிலிருந்து புதன்கிழமை காலை ஆறு மணி வரைக்குமான கணக்கு அது. அதில் மேசன் சவிரிமுத்து வேலை செய்தது பதினாறு மணி நேரம். அவர் வைத்தது மூன்று வரிசைக் கல். சுவரில் இருந்தது ஐந்து வரிசை. மேலே இருந்த இரண்டுக்கும் யாரும் கல் இறக்கவில்லை, யாரும் சாந்து குழைக்கவில்லை, சீமெந்து மூட்டை ஒன்றும் குறையவில்லை. ஸக்கியா மூட்டைகளை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். எண்ணிக்கை சரியாக இருந்தபோதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. குறைந்திருந்தால் கள்ளன் என்று நினைத்திருப்பாள். கள்ளனுக்கு அவள் பயந்ததில்லை.

அவளுடைய குடியிருப்பு மதுரங்குளிச் சந்தியிலிருந்து களப்புப் பக்கம் இறங்கும் மணல் பாதையில் இருக்கிறது. போர் நடந்த தொண்ணூறாம் ஆண்டு மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் அங்கே முதலில் கிடுகுக் கொட்டில் போட்டார்கள், பிறகு தகரம் அடித்தார்கள், போர் முடிந்த பிறகு ஒவ்வொருவராகக் கல்வீடு கட்டத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் பாதிப் பேர் முடிக்கவில்லை. பாதை நெடுக, சுவரோடு நின்றுபோன வீடுகள் இருந்தன. ஒன்றுக்குள் பப்பாசி காய்த்தது, இன்னொன்றில் யாரோ ஆடு கட்டினார்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து அங்கே ஒரு பழக்கம் வந்தது. காசு கைக்கு வந்ததும் முதலில் கூரையை வாங்கி வைத்துவிடுவார்கள். சுவரைக் கடன்பட்டும் எழுப்பலாம், கூரையில்லாத சுவரை யாரும் வீடென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஸக்கியாவும் கூரைச் சீற்றுகளை வாங்கிக் கொட்டிலுக்குப் பின்னால் அடுக்கி, படங்கு போட்டு மூடிவிட்டுத்தான் அத்திவாரம் வெட்டச் சொன்னாள். கூரை மரத்தை மட்டும் கடைசிக்கு விட்டாள். பச்சை மரம் வெயிலில் முறுகும், காய்ந்த மரத்தைக் கறையான் விடாது.

வீடு முடிய வேண்டியது மகள் ஃபஹ்மியாவுக்காக. அவர்களுடைய வழக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் உம்மா றைஸா ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் தவணை தந்திருந்தாள். அதற்குப் பிறகு பெண் பார்ப்பதற்குச் சிலாபத்தில் ஓர் இடம் இருப்பதாகவும், மிரட்டுவதற்காக இல்லை, சும்மா காதில் போட்டு வைப்பதாகவும் சொல்லியிருந்தாள்.

வீட்டுக் கணக்கை ஸக்கியாவே போட்டாள். படம் கீறுகிறவருக்குக் கொடுக்க வேண்டிய காசை மிச்சம் பிடிப்பதற்கு அவள் கண்ட வழி எளிதானது. ஒரு வீடு எவ்வளவு கல் தின்னும், எத்தனை மூட்டை சீமெந்து குடிக்கும் என்பது கட்டத் தொடங்கும்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. கட்டி முடித்த பிறகுதான் தெரியும். கட்டி முடித்த வீடு ஒன்று அவளிடம் இருந்தது. கலியாணம் முடித்த புதிதில் மன்னார்க் கரையில் ஒரு சின்ன ஊரில் கட்டிய வீடு. அதற்கு எத்தனை கல் போனது, எத்தனை மூட்டை போனது, கூரைக்கு எத்தனை ஓடு போனது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதே வீட்டை அதே அளவில் இங்கே கட்டினால் கணக்கு பிசகாது, விலையை மட்டும் இன்றைய விலையாகப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு, வெறும் காணியில் கண்ணை மூடிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நடந்தாள். வாசலடியில் குனிந்தாள். குசினிக்குள் இறங்கும் இடத்தில் காலைத் தாழ்த்தி வைத்தாள். அலுமாரி நின்ற இடத்தில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போனாள். பின்னால் சவிரிமுத்து சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே வந்தார். கண்ணைத் திறந்து நாடா பிடித்துப் பார்த்தபோது ஓர் அங்குலம்கூடப் பிசகு இருக்கவில்லை.

புருஷன் ஜப்பார் மட்டும் வேறு மாதிரிக் கட்டலாம் என்றார். ஜப்பார் கற்பிட்டியில் கருவாடு வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சிலாபத்தில் விற்பவர். சந்தையில் நாள் முழுக்க நின்றாலும் ஒரு பிளேன்ரீ குடிக்காமல் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிப்பவர். அவர் வாயால் செலவு கூடும் யோசனை ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை.

"அறைய அங்கால மாத்துவம். குசினிய பின்னுக்குப் போடுவம். எல்லாம் அதே மாதிரி வேணாமே, ஸக்கியா."

"வேற மாதிரிக் கட்டினா கணக்கும் வேற மாதிரித்தான் வரும். கூடிப் போறத்துக்கு நீங்களா தருவீங்க?"

அவர் சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழிப்பது போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

போர் முடிந்து பாதை திறந்த வருடம் ஜப்பார் ஒரு லொறியில் ஏறி மன்னாருக்குப் போய்ப் பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர். அந்த ஊரிலிருந்து இந்தக் குடியிருப்பில் வந்து சேர்ந்தது அவர்கள் குடும்பம் மட்டும்தான், ஆகவே வேறு யாரும் போய்ப் பார்க்கவில்லை. திரும்பி வந்து, காலில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவாமல் கதிரையில் உட்கார்ந்து, "ஒரு கல் இல்ல. எல்லாம் காடு," என்றார். ஸக்கியா அழுவாள் என்று ஃபஹ்மியா பக்கத்திலேயே நின்றாள். ஸக்கியா அழவில்லை. சோற்றைப் போட்டுக் கொடுத்தாள். கதை முடிந்தது என்று நினைத்தாள். அன்றிலிருந்துதான் இந்த மண்ணில் கட்டுவதற்குக் காசு சேர்க்கத் தொடங்கினாள்.

அந்தப் புதன்கிழமை காலையில் அவள் நாலாவது வரிசையைக் கையால் தடவிப் பார்த்தாள். சவிரிமுத்து வைத்தது முந்தலில் வாங்கிய புதுக் கல், நாலு மூலையும் கூர். மேலே இருந்தது பழைய கல். கடல் மணலில் அச்சுப் போட்டு அரிந்தது, உள்ளே சிப்பித் துண்டு மினுங்கியது. ஒவ்வொரு கல்லிலும் ஒரே மூலை கொஞ்சம் உள்ளே போயிருந்தது. அந்தக் காலத்தில் ஜப்பார் இரவல் வாங்கி வந்த மர அச்சுக்கு ஒரு மூலை வளைவு. அதைத் திருத்தினால் தச்சனுக்குக் காசு கொடுக்க வேண்டுமே என்று ஸக்கியாதான் அப்படியே அரியச் சொன்னாள். கல்லுக்கிடையில் இருந்த சாந்து காய்ந்து வெளுத்து, அதில் எறும்பு வழி போட்டிருந்தது.

"இது நம்மட கல்லு," என்றாள்.

ஜப்பார் அது எப்படி வந்தது என்று கேட்கவில்லை. எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவில்லை. "எத்தின வரிசை?" என்று மட்டும் கேட்டார்.

எட்டு மணிக்கு வந்த சவிரிமுத்து முந்தல் கரைப் பக்கத்துக் கத்தோலிக்கர். தொப்பியைக் கழற்றி, நெற்றியில் சிலுவை போட்டு, தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். சுவர் செங்குத்தாக இருந்தது. அதற்குப் பிறகு அவருடைய கவலை வேறு பக்கம் போனது. அவர் வேலைக்கு ஒப்புக்கொண்டது நாட்கூலிக்கு அல்ல, சதுர அடிக்கு.

"அஞ்சு வரிசைக்கும் கணக்குப் பாருங்க ராத்தா."

"மூணுதான் நீங்க வச்சது."

"மத்தது என்ட சுவருக்கு மேலதானே நிக்குது? அத்திவாரத்துக்கு நூல் பிடிச்சது ஆர்? பேய் வச்ச கல்லெண்டாலும் நான் பிடிச்ச நூலிலதான் வச்சிருக்கு."

"அப்ப பேய்ட்டப் போய்க் காசக் கேளுங்க."

"பேய் முந்தல் பக்கமெண்டா கேட்டிருப்பன் ராத்தா. இது மன்னார்ப் பேய். அதுக்கு என்னைத் தெரியாது."

கடைசியில் பேய் வைத்த வரிசைக்குக் கால் கூலி என்று முடிந்தது, நூல் பிடித்ததற்காக. ஸக்கியாவுக்கு அந்தப் பேரத்தில் சிரிப்பு வந்தது. கல் இலவசமாக வந்தால் காசு மிஞ்சும், மிஞ்சினால் தரைக்குச் சீமெந்துப் பூச்சு போடலாம், யன்னலுக்குக் கண்ணாடி போடலாம். அவளுடைய மனம் ஒரு பக்கம் அதைக் கூட்டிக்கொண்டே போனது. இன்னொரு பக்கம், இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால் விட்டு வந்த ஒரு சாமான் கூப்பிடாமல் பின்னால் நடந்து வருகிறது என்பதை நினைத்துப் பயந்தது.

அடுத்த நாளும் அப்படியே. சவிரிமுத்து பின்னேரம் கரண்டியைக் கழுவிவிட்டுப் போகும்போது ஒரு மட்டம், சுபஹுத் தொழுகைக்கு எழும்பிப் பார்த்தால் அதைவிடக் கூடிய மட்டம். காவல் இருந்தும் பார்த்தார்கள். காவல் இருந்த பக்கத்துவீட்டு மீரா முகைதீன் கடல் தொழில் செய்பவர், கண் மூடாமல் இருக்கப் பழகியவர். தான் கொட்டாவி விட்ட நேரத்தில் குசினிச் சுவர் உயர்ந்துவிட்டதென்று சொன்னார். சத்தம் வரவில்லை, தூசி பறக்கவில்லை. கொட்டாவிக்கு முன்னால் சுவருக்கு மேலால் நட்சத்திரம் தெரிந்தது, கொட்டாவிக்குப் பின்னால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சனங்கள் பயந்தார்கள், பிறகு பழகினார்கள். யார் வீட்டுச் சுவர் எவ்வளவு எழும்பியது என்பது அங்கே எப்போதும் கதைக்கும் கதைதான். பழகாமல் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஸக்கியா. மற்றவர் ஜப்பார். ஜப்பாருடைய பயம் விசித்திரமாக இருந்தது. கல் இலவசமாக வரும் வீட்டுக்கு அவர் காசு கொடுத்துக் கல் வாங்கத் தொடங்கினார். வியாழக்கிழமை முந்தலிலிருந்து இருநூறு கல் வந்து இறங்கியது. சவிரிமுத்தோடு இன்னொரு மேசனைக் கூட்டி வந்தார். இருட்டுவதற்குள் இன்னொரு வரிசை, இன்னும் ஒரு வரிசை என்று கெஞ்சினார். சம்பளத்துக்கு மேலே இரண்டு பேருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். பகலில் இவர்கள் வைத்த மட்டத்துக்கு மேலேதான் பழைய கல் வந்தது, ஆகவே எவ்வளவு புதுக் கல் வைத்தார்களோ அவ்வளவு பழைய கல் வராமல் நின்றது. அதற்காகத்தான் அவர் ஓடினார் என்பது ஸக்கியாவுக்கு விளங்கியது. ஏன் என்பது விளங்கவில்லை.

"சும்மா வாற கல்ல வர விடாம காசுக்குக் கல்லு வாங்குற ஆள இப்பத்தான் பாக்கிறன்," என்றாள். "ஹஜ்ஜுக்கு இன்னம் எத்தின நாளிரிக்கி? மரத்துக்கு வச்சிரிக்கிற காச நீங்க கல்லுல கொட்டினா, கூரைய என்னத்துல ஏத்துற? றைஸாட தலையிலயா?"

"மரத்துக்கு நான் பாக்கிறன்."

"எங்கால பாப்பீங்க?"

"பாக்கிறன் எண்டு சொன்னனே, புள்ள."

அவர் அவளைப் புள்ள என்று கூப்பிட்டு வருடக் கணக்காகியிருந்தது. அவள் அதற்கும் பயந்தாள்.

அவளுக்கு எதில் பயம் என்று கேட்டிருந்தால், ஒன்றைத்தான் சொல்லியிருப்பாள். ஒரே இரவில் வந்தது ஒரே இரவில் போகும். மன்னாரில் அப்படித்தான் போனது. ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று பாதையால் வந்தது. இத்தனை மணிக்குள் எல்லோரும் போய்விட வேண்டும் என்றது. முற்றத்துக்கு ஓடிப்போன ஸக்கியா, துவக்கோடு நின்ற ஒருவனிடம், எங்களுக்கு எவ்வளவு நேரம் தருவீங்க என்று இன்னொரு தரம் கேட்டாள், கொஞ்சம் கூட்டித் தருவான் என்று. அவன் கூட்டவில்லை. சுவர் வந்தால் அந்தச் சத்தமும் சுவரோடு வரும் என்று இப்போது அவள் நம்பினாள். காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ பாதையில் திரும்பும்போது, பாட்டு காதில் விழுவதற்கு முன்னால் ஒலிபெருக்கியின் கரகரப்பு விழும். அந்த ஒரு நொடியில் அவள் கை தானாக அடையாள அட்டை இருந்த பையைத் தேடும். ஃபஹ்மியா அதைக் கண்டும் காணாதது போலப் பாணை வாங்கி வருவாள்.

கல் தரும் கடைக்காரன் கடனை நிறுத்தியதும் வேலையை ஒரு கிழமை நிறுத்தினார்கள். வேலை நின்றாலும் சுவர் நிற்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க வந்தது எல்லாம் பழைய கல். கதவுக்கும் யன்னலுக்கும் மேலால் வரும் லிண்டல் தூணோடு வந்தது. கதவு நிலைகள் பலா மரத்தில் வந்தன. ஒரு காலையில் குசினிச் சுவர் அடுப்பின் மேல் பக்கம் கரி பிடித்து வந்தது. ஸக்கியா அதில் விரலை வைத்தாள். கரி விரலில் ஒட்டியது. சுவர் சுட்டது. நேற்றைய மீன் குழம்பு மணத்தது: பழப்புளி விட்டது, பூண்டு கொஞ்சம் கூட. காட்டுக்குள் சரிந்து கிடந்த கல்லில் குழம்பு மணக்காது. அவள் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, துடைத்த சட்டையைக் கழற்றித் துவைத்துப் போட்டாள்.

மௌலவியைக் கூட்டி வந்தார்கள். அவர் யாசீன் ஓதி, நாலு மூலைக்கும் தண்ணீர் தெளித்து, சுவர்களைச் சுற்றி வந்து நின்றார். "ஜின்னெண்டா வீடு கட்டிக் குடுக்காது," என்றார். "கட்டின வீட்டுல குடியிரிக்கும். அதனால இது ஜின்னில்ல. இனித்தான் வரும், வாறதா இருந்தா." சொல்லிவிட்டு, பிளேன்ரீயைக் குடித்து முடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

றைஸா ஒரு நாள் குடையோடு வந்தாள். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். வளையல்களின் சத்தம் கல்லின் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

"பழைய கல்லா சம்பந்தி?"

"நம்மட சொந்தக் கல்லு."

"இல்ல, சனம் கதைக்குது, செலவேயில்லாம எழும்புதாமே. என்ட மகனுக்குக் குடுக்கிற வீட்ட ஆரோ சும்மா குடுத்ததெண்டு வந்தா, நான் எந்த முகத்தோட செல்லுற, சீதனமெண்டு?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கூரைய ஏத்துங்க சம்பந்தி. கூரை ஏறிட்டா எவன் வாயத் தொறப்பான்?"

அவள் போன பிறகு ஸக்கியா நடு அறைக்குள் போனாள். அன்று காலையில் வந்த பகுதியை அவள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. சுவரில் ஓர் ஆணி இருந்தது. ஆணியில் ஒரு மாதக் கலண்டர் தொங்கியது. அந்த வருடத்துக் கலண்டர். மாதாவின் படம் போட்டது. இந்த மாதத்துத் தாள்தான் மேலே இருந்தது, முந்திய மாதங்களின் தாளை யாரோ கிழித்திருந்தார்கள். பக்கத்தில் கதவு நிலையில் பென்சிலால் போட்ட கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் பெயரும் வருடமும் எழுதியிருந்தது. நிலுக்சன். டிலுக்ஷி. இன்னொரு பெயர் அழிந்திருந்தது. நிலுக்சன் என்பவனின் கோடு, போர் முடிந்த வருடத்தில் அவள் இடுப்புக்கு இருந்தது. கடைசிக் கோடு அவள் தோளுக்கு வந்திருந்தது. ஒரு கல்லும் மிஞ்சாத காட்டுக்குள் ஒரு பிள்ளை வருடத்துக்கு மூன்று அங்குலமாக வளர்ந்திருக்கிறது.

ஸக்கியா மெதுவாகத் திரும்பினாள். தனக்குப் பின்னால் அந்த உயரத்தில் யாராவது நிற்பார்கள் என்று நினைத்தாள். யாரும் இல்லை. கோடுகளுக்கு மேலே ஒரு சீமெந்துக் கடதாசியை ஒட்டி மறைத்தாள், றைஸா திரும்பி வந்தால் காணக் கூடாதென்று. பிறகு கொட்டிலுக்குப் போய், பட்டப் பகலில், ஃபஹ்மியாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் என்ன உம்மா என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, கை குளிருது என்றாள்.

ஜப்பாரிடம் காட்டினாள். அவர் கடதாசியைத் தூக்கிப் பார்த்தார், ஒவ்வொரு கோடாகப் பார்த்தார், கடைசிக் கோட்டில் கொஞ்சம் கூட நேரம் நின்றார். "மேசன்ட புள்ளைகள் ஆரும் விளையாடியிரிக்கும்," என்றார். சவிரிமுத்துவுக்குப் பிள்ளைகள் இல்லை என்பது அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த நாள் அவர் மோட்டார் சைக்கிளை விற்றார். விற்ற காசுக்குச் சுவரின் மீதி வரிசைகளுக்கு வேண்டிய அளவு கல்லும் சீமெந்தும் வந்து இறங்கின. அதற்குப் பிறகு அவர் கருவாட்டு மூட்டையோடு பஸ்ஸில் போனார். மூட்டையின் நாற்றத்துக்காகக் கொண்டக்டர் அவரைப் பின்கதவு மிதிபலகையிலேயே நிற்க வைத்தான், டிக்கெட் மட்டும் இரண்டு எடுக்கச் சொன்னான், ஒன்று சூடைக் கருவாட்டுக்கு என்று. ஜப்பார் இரண்டு டிக்கெட்டும் எடுத்தார். அந்தக் கதையைக் கேட்டபோது ஸக்கியா, இந்த மனிதர் பைத்தியமாகிறார் என்று நினைத்தாள். பைத்தியத்தைச் செலவுக் கணக்கில் சேர்க்க வழியில்லை. ஆகவே மிச்சமிருந்த காசை எல்லாம் தன் பிடிக்குள் எடுத்துக்கொண்டாள்.

சுவர் கூரை மட்டத்துக்கு வந்த நாளில் ஜப்பார் சந்தைக்குப் போவதற்கு முன்னால் அவள் முன்னால் வந்து நின்றார். "இண்டைக்கு மரம் வரும். முந்தலில சொல்லி வச்சிட்டன். எவ்வளவு கேட்டாலும் குடு. பொழுதுபட முந்திக் கூரை ஏறணும், ஸக்கியா. நாளைக்கில்ல. இண்டைக்கு." அவருடைய உதடு காய்ந்து வெடித்திருந்தது.

லொறி பத்து மணிக்கு வந்தது. சாரதி மரத்தை இறக்குவதற்கு முன்னால் விலைத் துண்டை நீட்டினான். பேசியதைவிடக் கூட. மழை, பாதை, டீசல் என்று காரணம் சொன்னான். ஸக்கியா மரத்தைப் பார்த்தாள். கூரை வளைகளில் இரண்டு முடிச்சு விழுந்த மரம், ஒன்றில் பட்டை இன்னும் உரிக்கவில்லை. இந்த விலைக்கு இந்த மரத்தை வாங்கினால் கதவுக்குக் காசு இருக்காது. நாளைக்கு மதுரங்குளியில் வேறு மரம் பார்க்கலாம். ஒரு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

"திருப்பிக் கொண்டு போங்க," என்றாள்.

"ராத்தா, ஜப்பார் நானா கட்டாயம் இறக்கச் சொன்னார்."

"நானாட காசில்ல இது."

லொறி பின்னால் போய்த் திரும்பி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவளுக்குத் திருப்தியாக இருந்தது. பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் பயம் கொஞ்சம் விட்டது. ஒரு நல்ல பேரம் அவளுக்கு அப்படித்தான் செய்யும்.

பின்னேரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஜப்பார், தூரத்திலிருந்தே வீட்டின் மேல் விளிம்பைப் பார்த்துக்கொண்டு வந்தார். அது வெறுமையாக இருந்தது. நடந்ததைக் கேட்டார். ஸக்கியா எவ்வளவு மிச்சம் பிடித்தாள் என்று சொன்னாள். அவர் கருவாட்டு மூட்டையை இறக்காமலே மணலில் உட்கார்ந்தார். பிறகு எழும்பி, படங்கை இழுத்தெறிந்து, கூரைச் சீற்றுகளைத் தனியே தூக்கிச் சுவருக்கு மேலே வைக்கப் பார்த்தார். சவிரிமுத்து ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். மரமில்லாமல் வைத்தால் கடதாசி மாதிரிப் பறக்கும் என்றார். களப்புக் காற்று இரண்டு சீற்றைப் பறித்துக்கொண்டு போய் உடைத்தது. மூன்றாவதை ஜப்பார் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார், இருட்டும் வரைக்கும்.

காலையில் கூரை இருந்தது.

பாசி பிடித்த ஓடு. பனஞ் சிலாகை. முகட்டில் ஓர் ஓடு உடைந்த இடத்தில் தகரத் துண்டு சொருகியிருந்தது. கூரை வந்தபோது கூரைக்குக் கீழே இருந்ததும் வந்துவிட்டது. குசினிப் பக்கத்து ஓடுகளுக்கிடையால் அடுப்புப் புகை கசிந்தது. கதவுகள் உள்ளேயிருந்து பூட்டியிருந்தன. யன்னல் பலகைக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது, அடக்கிய மூச்சு ஓர் இருமலாக உடைந்தது. சின்னப் பிள்ளை ஒன்று அழத் தொடங்கி, வாயைப் பொத்தியது போலச் சட்டென்று நின்றது. ஸக்கியா கதவடியில் நின்றாள். மௌலவி சொன்னது இதுதான் என்று நினைத்தாள். ஃபஹ்மியா அவளுடைய முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். ஜப்பார் அவர்களுக்குப் பின்னால், முற்றத்து நடுவில்.

கதவின் மறு பக்கத்தில் ஒரு பெண் குரல் வந்தது. அந்தக் குரல் இவளைவிடக் கூட நடுங்கியது.

"வெளியில ஆர் நிக்கிறது?" பிறகு, பதிலுக்குக் காத்திராமல், "நாங்க போறம். புள்ளைகள் இப்பதான் எழும்பிச்சுதுகள். எங்களுக்கு எவ்வளவு நேரம் தருவீங்க?"

பாதை முடக்கில் ஒலிபெருக்கி கரகரத்தது. ஸக்கியாவின் கை பையைத் தேடப் போய், பாதியில் நின்றது. பாட்டு வந்தது. பாண் ஓட்டோ வழக்கம் போல வேலியோரம் வந்து நின்றது. பாண்காரன் தலையை நீட்டி, வீட்டை அண்ணாந்து பார்த்தான்.

"கூரை முடிஞ்சுது போல, ராத்தா. நல்லம். இந்தப் பக்கம் முடிச்ச வீடு குறைவு. எத்தின றாத்தல் போட?"

ஸக்கியா கதவைப் பார்த்தாள். கதவுக்கு மேலே தன்னுடைய கல், வளைந்த மூலையோடு இருந்தது. கீழே சவிரிமுத்து வைத்த புதுக் கல். எது யாருடைய கணக்கில் வரும் என்று அந்த நேரத்திலும் அவள் மனம் பிரித்துப் பார்த்தது, பார்த்துவிட்டு விட்டது. உள்ளே பிள்ளை மறுபடியும் அழுதது, பசி அழுகை. அவள் திரும்பினாள். இருபத்தொன்பது வருடம் குடும்பம் நடத்திய மனிதரை, ஒரு சாமானின் விலையைக் கேட்கும் குரலில் கேட்டாள்.

"எத்தின பேருக்குப் பாண் வாங்குற?"

ஜப்பார் கண்ணைத் துடைக்காமல் நின்றார்.

"நாலு பேர்," என்றார். "றோசமேரியும் மூணு புள்ளைகளும். மன்னாருக்கு நான் போனப்ப நம்மட வீடு அப்புடியே நிண்டிச்சு, ஸக்கியா. ஒரு ஓடு மட்டும்தான் உடைஞ்சிரிந்திச்சு. அவ இதே மாதிரித்தான் கேட்டா, எவ்வளவு நேரம் தருவீங்க எண்டு. நீங்க இரிங்க, இனி இது ஒங்கட வீடு எண்டு நான்தான் சொல்லிட்டு வந்தன்."